கேக்கில் கடைசிப் பரீட்சை

இரவு எட்டரை. ஜூலை, அந்த நாட்டில் குளிர்காலம். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு மனிதன் தனியாக நடந்து வருகிறான்.

பேருந்து நிலையத்திலிருந்து வருகிறான். நகரப் பேருந்துகள் வேலைநிறுத்தம். டாக்ஸி ஒன்றும் நிற்கவில்லை. ஒரு பக்கம் பரானா ஆறு... கண்ணுக்குத் தெரியாது, கரையை நக்கும் சத்தம் மட்டும். மறுபக்கம் இழுத்து மூடிய மீன்கடைகள். சேற்று வாடை. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் அடுத்தது எரியாது. அவன் கழுத்தில் டை இருக்கிறது. கையில் புத்தகம் இல்லை. உதடு மட்டும் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறது.

அவன் பெயர் ஆதெல்மோ. ரொக்சானாவின் தாய்மாமன்.

"எந்த ரொக்சானா? நம்ம விடுதியில இருந்தவளா?" என்று ஒல்லி கேட்டான்.

"அவதான். அவ சொன்ன கதைதான் இது. குறுக்கே பேசாதே."

சொல்லிக்கொண்டிருந்தவள் சுல்மா. மாணவர் விடுதியின் சமையலறை. மின்சாரம் போய் நெடுநேரம் ஆகியிருந்தது. கேஸ் அடுப்பின் நீலச் சுடரைச் சுற்றிச் சுல்மா, இவானா, ஒல்லி மூவரும் போர்வையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இவானா மாத்தே என்ற கசப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், கை மாறி வந்தது. மறுநாள் மூவருக்கும் வாய்மொழிப் பரீட்சை. வாரிசுரிமைச் சட்டம். படிக்க வெளிச்சமில்லை. அதனால் கதை.

ஆதெல்மோ போய்க்கொண்டிருந்த இடம் கேக்.

பல்கலைக்கழகத்தின் பெருமைமிகு கட்டடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. அடுக்கடுக்காக வெள்ளையும் மஞ்சளும். உச்சியில் குவிமாடம். அதைச் சுற்றிச் சிமெண்டுக் குதிரைகள், எங்கேயும் போகாமல் பாய்ந்துகொண்டிருக்கும். தோல் பதனிடும் சாறு விற்றுக் கொழுத்த ஒருவன் சூதாட்ட விடுதியாகக் கட்டினான். திறப்புவிழாவுக்கு முன்பே திவாலானான். ஒரு விருந்தாளியும் அங்கே உறங்கியதில்லை. வாங்க ஆளில்லை. அரசு அதைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டியது. பல்கலைக்கழகம் எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு எல்லாப் பட்டப்படிப்புக்கும் ஒரே படம்தான். செவிலியர் படிப்பா, குவிமாடம். தேனீ வளர்ப்பா, குவிமாடம். விழா ஏற்பாடு செய்வதற்கென்று நான்கு வருடப் பட்டப்படிப்பு ஒன்று தொடங்கினார்கள். அதற்கும் குவிமாடம். படத்தை நம்பிப் பிள்ளைகள் சேர்வார்கள். வகுப்பு நடப்பது பழைய டயர் கடையில். இல்லாவிட்டால் பந்து உருட்டும் கிளப்பின் மாடியில். கீழே எவனாவது கட்டைகளை மொத்தமாகச் சாய்த்தால், மேலே பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கக் காத்திருப்பார்.

கேக்குக்குள் பாடம் நடந்ததே கிடையாது. சட்டத்துறையின் வாய்மொழிப் பரீட்சை மட்டும் நடக்கும். குவிமாடத்துக்கு நேர் கீழே, பளிங்குத் தரையில், ஒரு நீள மேஜை. பயமுறுத்துவதும் ஒரு கல்விதான் என்று அங்கே நினைக்கிறார்கள். கைவசம் வேறு கல்வி இல்லாத காரணமாக இருக்கலாம்.

"நாளைக்கு நாம அங்கதான் போகணும்," என்றாள் இவானா. "இதை இன்னைக்குத்தான் சொல்லணுமா?"

"பட்டம் வாங்கினப்புறம் சொன்னா உனக்கு என்ன பிரயோஜனம்?"

"சொல்லட்டும் விடு," என்றான் ஒல்லி. "எப்படியும் நான் படிக்கல. பேய் பிடிச்சதுன்னு வீட்ல சொல்லிக்கலாம்."

சுல்மா சிரிக்கவில்லை. குவளையை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஆதெல்மோ முட்டாளில்லை. சோம்பேறியும் இல்லை. அதைவிட மோசம்... கூச்சக்காரன். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் தாங்காது அவனுக்கு. அப்படிப்பட்டவன் படிக்க வந்தது சட்டம். மீசை முளைக்கும்போது சேர்ந்தான். தலைமுடி கொட்டும்போதும் படித்துக்கொண்டிருந்தான். மற்ற பாடமெல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டான். ஒன்றே ஒன்று பாக்கி. வாரிசுரிமைச் சட்டம்.

அந்தப் பாடத்துக்கு அதிபதி டாக்டர் லந்தாஹோ. மாணவன் பேசிக்கொண்டிருக்கும்போது நகம் வெட்டுவார். க்ளிக்... க்ளிக். பதில் சரியா தவறா என்று முகத்தில் எதுவும் தெரியாது. நகம் தீர்ந்ததும் பரீட்சை முடிந்தது என்று அர்த்தம்.

ஒருமுறை ஆதெல்மோ அவரிடம் தோற்றுவிட்டு வெளியே வந்தான். புதிதாக எதுவும் இல்லை, முன்பும் தோற்றிருக்கிறான். ஆனால் அன்று கேக்கின் படிகளில் அவன் குடும்பமே நின்றது. அம்மா, மனைவி நில்தா, அக்கா, அக்கா புருஷன், அவர்கள் மகள் ரொக்சானா. கொலோனியா பெத்ரினாவிலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். மூன்று மணி நேரப் பயணம். கடைசிப் பரீட்சை என்று வாய்தவறிச் சொல்லியிருந்தான். கடைசி என்றால் தேறிவிட்டான் என்றுதான் பொருள் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். எல்லார் கையிலும் முட்டை. அம்மா கையில் மாவு.

அது உங்களுக்குத் தெரிந்த கூத்துதான். பட்டம் முடித்தவன் படியில் கால் வைத்ததும் சொந்தக்காரர்களே முட்டையால் அடிப்பது. மாவைக் கொட்டுவது. சட்டையைக் கிழிப்பது. பிறகு லாரியில் ஏற்றி, தகரம் தட்டி, ஊரைச் சுற்றிக் கூட்டிப்போவது. பட்டத் தாள் பிறகு வரும், தாமதமாகும், எழுத்துப்பிழையோடு வரும். அதை யார் பார்க்கிறார்கள். முட்டைதான் பட்டம்.

தோற்றுவிட்டேன் என்று சொல்ல ஆதெல்மோ வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் முதல் முட்டை வந்து உடைந்தது.

எறிந்தது ரொக்சானா. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. குறி தப்பாதவள்.

ஒல்லி வெடித்துச் சிரித்தான். இவானா அவன் முழங்காலில் அடித்தாள்.

"துப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்றாள் சுல்மாவிடம்.

"எப்போ? அம்மா மாவு கொட்டும்போதா? நில்தா கட்டிப்புடிச்சு அழும்போதா? டாக்டர், டாக்டர்னு எல்லாரும் கத்துறாங்க. இங்க வக்கீலையும் டாக்டர்னுதானே கூப்பிடுவாங்க, அவனுக்கு முதல் கூலியே அந்த வார்த்தைதானே. அது காதுல விழுந்துச்சு. அவன் துப்பல. முழுங்கிட்டான்."

லாரி கிளம்பியது. ஆதெல்மோ திரும்பிப் பார்த்தான். படிகளில் ஒருவன் நின்றான். தலைமுதல் கால்வரை மாவு. முகத்தில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. லாரியையே பார்த்தபடி நின்றான். அன்றைக்குத் தேறிய வேறு எவனோ என்று ஆதெல்மோ நினைத்தான்.

அன்றைக்கு லந்தாஹோ ஒருவரையும் தேறவிடவில்லை.

அடுப்புச் சுடர் ஒருமுறை துள்ளி அடங்கியது. ஒல்லி சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

அதன்பிறகு மூன்று வருடம் ஆதெல்மோ கொலோனியா பெத்ரினாவில் டாக்டராக இருந்தான். வீட்டு வாசலில் அம்மா பித்தளைப் பலகை மாட்டினாள். மாலையில் ஆட்கள் வந்தார்கள். வேலித் தகராறு, பசு தகராறு, பிரிந்துபோன புருஷன். அவன் நாற்காலியில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசுவான். பக்கத்து ஊரில் ஒரு கிழட்டு வக்கீல் இருந்தார். அவர் எதையும் படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுவார். சட்டம் முடிக்காதவன் யோசனை சொல்ல, முடித்தவன் படிக்காமல் கையெழுத்திட, ஊர் திருப்தியாக இருந்தது. நீதி அங்கே அப்படித்தான் ஓடியது. மற்ற இடத்தில் எப்படி ஓடுகிறது என்று கேட்காதீர்கள்.

நில்தாதான் மிகவும் மாறிப்போனாள். கல்யாணமான நாள்முதல் அவளுக்கு ஒரு குறை இருந்தது. படித்துக்கொண்டே இருக்கும் புருஷன் என்று அவள் அம்மா ஏளனம் செய்வாள். இப்போது அந்த அம்மாவே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தாள். டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வை என்றாள். நில்தா நடைபாதையில் ஓரமாக நடப்பதை விட்டுவிட்டாள். நடுவில் நடந்தாள்.

அவளுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு பரீட்சைப் பருவத்திலும் நகரத்தில் கோர்ட் வேலை என்று சொல்லிவிட்டு ஆதெல்மோ பஸ் ஏறுவான். லந்தாஹோ முன்னால் உட்காருவான். க்ளிக்... க்ளிக். திரும்பி வருவான். வழக்கு எப்படி என்று கேட்பாள். ஒத்திவைத்துவிட்டார்கள் என்பான். ஒருவகையில் உண்மை.

பிறகு பல்கலைக்கழகம் புதிய பாடத்திட்டங்களை அறிவித்தது. அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்கள் அந்த ஜூலைக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவன் படித்த வருடங்களுக்கெல்லாம் முழுக்குப் போட்டுவிட்டு முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். குவிமாடம் போட்ட வழவழப்பான தாளில் வாழ்த்துச் சொல்லி இதை அனுப்பியிருந்தார்கள்.

ஆக அந்த இரவுதான் கடைசி. தேறினால் பொய் உண்மையாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. தோற்றால் பித்தளைப் பலகையைக் கழற்ற வேண்டும். ஊர் பார்க்கும். நில்தா பார்ப்பாள். நடைபாதையின் ஓரத்துக்கு அவள் திரும்ப வேண்டும். அவன் பயந்தது அதற்குத்தான்.

கேக்கின் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே நுழைந்தான். தரைக்குப் பூசும் மெழுகு வாடை. புறா எச்ச வாடை. மேலே குவிமாடத்துக்குள் எதுவோ சிறகடித்து... நின்றது.

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. எந்தப் பரீட்சையானாலும் அங்கே கூட்டம் இருக்கும். வெளியே வருகிறவனை அப்பிக்கொண்டு, என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்று பிடுங்கும். அன்று பெஞ்சு காலி. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவன் குடும்பப் பெயர் இசட் எழுத்தில் தொடங்குவது, அகர வரிசையில் அவன்தான் எப்போதும் கடைசி. ஓவர்கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

"சப்போனி."

"இரு, இரு," என்றான் ஒல்லி. "சப்போனியா? ஆதெல்மோ சப்போனி? நம்ம..."

"குறுக்கே பேசாதேன்னு சொன்னேன்."

ஒல்லி இவானாவைப் பார்த்தான். இவானா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மண்டபத்தில் ஒரே ஒரு மேஜை விளக்கு. பச்சை மூடி போட்டது. அதன் வெளிச்சத்துக்கு நடுவில் லந்தாஹோவின் கைகள். நகவெட்டி. க்ளிக். இடப்பக்கம் துணைப் பேராசிரியை, ரோமக் கோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தாள். விழித்திருந்தாளா தெரியாது. அவள் விழித்திருந்தாலும் வித்தியாசம் இருக்காது. வலப்பக்கம் மூன்றாவது நாற்காலி. விளக்கு வட்டத்துக்கு வெளியே. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

ஒரு வாடை வந்தது. மெழுகு இல்லை, புறா இல்லை. பலகாரம் பிசைந்த பாத்திரத்தைக் கழுவாமல் நாள்கணக்கில் போட்டுவைத்தால் வருமே... அது.

மேஜைமேல் பித்தளைக் கம்பிக் கூண்டு இருந்தது. உள்ளே எண் போட்ட மரக் குண்டுகள், எண்ணுக்கு ஒரு பாடப்பகுதி. ஆதெல்மோ கைப்பிடியைச் சுழற்றினான். கடகடவென்று உருண்டன. கூண்டு நின்ற பிறகும் உருளும் சத்தம் சற்றுநேரம் கேட்டது. பிறகு ஒரு குண்டு வெளியே விழுந்தது. வழக்கமாக இரண்டு விழும், பிடித்ததை எடுத்துக்கொண்டு பேசலாம். அன்று ஒன்றுதான்.

மூன்றாவது ஆளின் கை நீண்டு அதை எடுத்தது. நல்ல கோட்டு. மணிக்கட்டில் வெள்ளையாகத் தூசி.

"வாரிசாத் தோணுறவன்," என்று படித்தது குரல். "யாரு அவன்? சொல்லுங்க."

ஆதெல்மோவுக்கு உயிர் வந்தது. அந்தப் பாடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"உண்மையான வாரிசு இல்லாதவன், டாக்டர். ஆனா ஊரே அவனைத்தான் வாரிசுன்னு நம்பும். அவன்தான் அந்த வீட்ல இருப்பான். சாவி அவன்கிட்டதான் இருக்கும்."

"அவன் செஞ்ச காரியம் செல்லுமா?"

"செல்லும், டாக்டர். அவனை நம்பி வந்தவங்க ஏமாறக் கூடாது இல்லையா."

"உண்மையான வாரிசு?"

"வந்து கேக்கணும்."

"கேக்க வரலைன்னா?"

க்ளிக்... லந்தாஹோ அடுத்த விரலுக்குப் போனார்.

"கொஞ்ச காலம் சட்டம் காத்திருக்கும்," என்றான் ஆதெல்மோ. "அப்புறம்..."

"முடிங்க."

"இருக்கிறவனுக்கே போயிடும்."

"எது?"

"எல்லாமும்."

சொன்ன பிறகுதான் அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறோம் என்று அவனுக்குப் பிடிபட்டது. தாழ்ந்த, மெதுவான குரல். மாலை நேரத்தில், வேலித் தகராறோடு வருகிறவர்களிடம் அவன் பேசும் குரல்.

மூன்றாவது ஆள் முன்னால் குனிந்தான். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழுந்தது. மாவு காய்ந்து விறைத்த தலைமுடி. நெற்றியிலிருந்து தாடைவரை மஞ்சள் கோடுகள், உலர்ந்து வெடித்தவை. புருவத்தில் ஒட்டிய ஒரு துண்டு முட்டை ஓடு. அதற்குக் கீழே ஆதெல்மோவின் கண்கள். ஆதெல்மோவின் மூக்கு. ஆதெல்மோவின் வாய், நன்றாக மூடியது.

மூன்று வருடமாக ஊர் டாக்டர் என்று கூப்பிட்ட ஆள். அந்தப் படிகளில் முட்டை வாங்கியபோது உண்டான ஆள். கட்டடம் அவனைத் தேறவைத்திருந்தது. ஒரு வித்தியாசம்தான். ஆதெல்மோவிடம் என்றைக்கும் இல்லாத ஒன்று அந்த முகத்தில் இருந்தது. அருவருப்பு. பதில் தெரிந்த மாணவனைப் பார்த்தாலும் பேராசிரியர்களுக்கு வருமே, அது.

"எவ்வளவு வருஷமா படிக்கிறீங்க, சப்போனி?"

ஆதெல்மோ சொன்னான்.

"அவ்வளவுக்கும் இதுதானா?"

வேறு எவனாயிருந்தாலும் எழுந்து ஓடியிருப்பான். அலறியிருப்பான். மேஜையைக் கவிழ்த்திருப்பான். தன் முகத்தையே எதிரில் பார்த்துவிட்டு ஆதெல்மோ கேட்ட ஒரே கேள்வி இது.

"சரியா சொன்னேனா, டாக்டர்?"

நகவெட்டியை மூடும் சத்தம்.

"வெளிய இருங்க," என்றார் மாவு முகத்து டாக்டர். "கூப்பிடுவோம்."

"அடப்பாவி," என்றாள் இவானா மெதுவாக. "வெளியே வந்தானா?"

"வந்தான். பெஞ்சுல உக்காந்தான்."

உட்கார்ந்திருந்தான். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ முகம் கழுவுகிறார்கள். நெடுநேரம் கழுவினார்கள். பிறகு கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். ஈரத் தலையைப் படிய வாரியிருந்தார். கொக்கியிலிருந்த ஆதெல்மோவின் ஓவர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பையில் கைவிட்டுத் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பெஞ்சில் ஆள் இருப்பதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. படிகளில் இறங்கினார். ஆற்றங்கரைச் சாலையில் அவர் காலடிச் சத்தம்... தேய்ந்து போயிற்று.

ஆதெல்மோ பின்னாலேயே போயிருக்கலாம். கோட்டைப் பிடுங்கியிருக்கலாம். போகவில்லை. ஏன் தெரியுமா? பெயரைக் கூப்பிடும்போது பெஞ்சில் ஆள் இல்லாவிட்டால் வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். வராதவன் தோற்றவன். அதுதான் விதி. இவ்வளவு வருடத்தில் பல்கலைக்கழகம் அவனுக்குப் பழுதில்லாமல் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

காலையில் முதல் பஸ்ஸிலிருந்து டாக்டர் கொலோனியா பெத்ரினாவில் இறங்கினார். நில்தா கதவைத் திறந்தாள். வழக்கு எப்படி என்று கேட்டாள்.

"ஜெயிச்சாச்சு," என்றார்.

சுல்மா நிறுத்தினாள். குவளையில் மாத்தே ஆறிப்போயிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"இன்னொன்னும் இருக்கு," என்றாள். "அன்னைக்கு ராத்திரி கேக்ல பரீட்சையே நடக்கல. மின்சாரம் இல்லைன்னு மத்தியானமே பூட்டிட்டாங்க. லந்தாஹோ தன் பண்ணை வீட்ல மாட்டிறைச்சி சுட்டுக்கிட்டு இருந்தாரு. பரீட்சையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்க. அடுத்த வாரம் சப்போனின்னு கூப்பிட்டப்ப டாக்டர் போனாரு. பத்துக்குப் பத்து. லந்தாஹோ எழுந்து கைகொடுத்தாராம். அவர் எழுந்ததை யாரும் பாத்ததே இல்ல. கைகொடுத்துட்டு ரொம்ப நேரம் கையைத் தொடைச்சாராம், மாவு போகலைன்னு."

"அப்போ பட்டம் நிஜம்," என்றான் ஒல்லி.

"நிஜம். குவிமாடம் அச்சடிச்சது."

ஊருக்கு டாக்டர் நல்லபடியாகத்தான் அமைந்தார். குடிப்பதில்லை. கூசுவதில்லை. ஒருவர் முகம் வாடினால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. வக்கீலுக்கு வேறென்ன வேண்டும். வழக்கெல்லாம் ஜெயித்தார். லந்தாஹோ ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு இவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு நமக்கு அவர்தான்," என்றாள் இவானா.

"அவரேதான். ரொக்சானா சட்டத்தை விட்டுட்டு விழா ஏற்பாடு படிக்கப் போனாளே, எல்லாரும் கேலி பண்ணினோமே. பந்து கிளப் மாடி. இப்ப யோசிச்சுப் பாரு, யாரு புத்திசாலின்னு."

ஒல்லி எழுந்து நின்றான். போர்வை நழுவியது. கோபமாகப் பேச முயன்றான்.

"புளுகு. எல்லாம் புளுகு. உள்ள மூணு பேரு, வெளிய ஒருத்தன். அந்த மேஜையில என்ன பேசினாங்கன்னு ரொக்சானாவுக்கு எப்படித் தெரியும்? டாக்டரே கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாராக்கும்?"

"இல்ல," என்றாள் சுல்மா. "ஆதெல்மோ சொன்னான்."

ஒல்லி மறுபடியும் உட்கார்ந்தான்.

போன டிசம்பரில் ரொக்சானா டாக்டர் வீட்டில் ஒரு இரவு தங்கினாள். நகரத்தில் பரீட்சைப் பருவம். கூடத்தில் சோபாவில் படுத்திருந்தாள். நடுராத்திரி தொலைபேசி அடித்தது. படுக்கையறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, இரண்டும் ஒரே இணைப்பு. தூக்கக் கலக்கத்தில் கூடத்தில் இருந்ததை எடுத்தாள். உள்ளே அத்தை நில்தா ஏற்கெனவே எடுத்திருந்தாள்.

ஒரு ஆண்குரல் பேசியது. களைத்த குரல். பின்னால் பெரிய மண்டபத்தின் எதிரொலி. சிறகு அடிக்கும் சத்தம். குரல் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னது. நடந்து வந்த சாலை, பச்சை விளக்கு, ஒற்றைக் குண்டு, கேட்ட கேள்வி, சொன்ன பதில். சரியாகத்தான் சொன்னேன் என்று இரண்டு தடவை சொன்னது. பிறகு சொன்னது: "இன்னும் கூப்பிடல, நில்தா. எப்ப வேணா கூப்பிடுவாங்க. கொஞ்சம் லேட்டாகும். நீ தூங்கு. சாவி என்கிட்ட இல்ல, கதவைத் தாழ் போடாம வை."

கேக்கின் வாசலில் முன்பு ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அதைப் பிடுங்கிப் பல வருடமாகிறது.

ரொக்சானா எழுந்து பார்த்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. இரவு விளக்கு எரிந்தது. டாக்டர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், சீராக மூச்சு விட்டபடி. பக்கத்தில் நில்தா காதில் ரிசீவரோடு உட்கார்ந்திருந்தாள். பயந்தவள் மாதிரி இல்லை. அதிசயப்பட்டவள் மாதிரியும் இல்லை. பருவம் தவறாமல் இதைக் கேட்கிறவள் மாதிரி கொட்டாவி விட்டாள். டாக்டர் விழித்துவிடாதபடி போர்வையை அவர் தோள்வரை இழுத்து மூடினாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாகப் பேசினாள்.

"அவசரமே இல்ல, ஆதெல்மோ. நல்லா படிச்சிட்டு வா."